இரண்டு கூடை பாக்கி

டெல்பா ஸ்டாம்பரின் பெயருக்கு முன்னால் ‘தற்காலிக’ என்ற சொல் வந்து ஒட்டிக்கொண்டு பத்து வாரம் ஆகியிருந்தது. டாலிவர் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணியின் தற்காலிகத் தலைமைப் பயிற்சியாளர். பிடிக்காத விருந்தாளியைத் திண்ணை விளிம்பில் உட்கார வைப்பது போன்ற பதவி. உட்காரலாம், சாயக் கூடாது.

டிசம்பரில், பாதி சீசனில், பழைய தலைமைப் பயிற்சியாளர் ராண்டல் விட்டைப் பெரிய கல்லூரி ஒன்று கூப்பிட்டது. மனிதர் அன்றைக்கே கிளம்பிவிட்டார். “நாம ஒரு குடும்பம்” என்று கூட்டத்துக்குக் கூட்டம் கண் கலங்கச் சொன்னவர். குடும்பத்தை விட்டுப் போகிறவர்கள் சிலர் டி.வி.யையும் தூக்கிக்கொண்டு போவார்கள் இல்லையா, அந்த மாதிரி அணியின் மிகச் சிறந்த இரண்டு ஆட்டக்காரிகளையும் கூடவே அழைத்துப் போனார். அப்போது அணி ஆடியிருந்தது பதினொரு ஆட்டம், வென்றது இரண்டு. முழுகுகிற படகில் தண்ணீர் இறைக்க ஒரு ஆள் வேண்டுமே என்று டெல்பாவின் கையில் வாளியைக் கொடுத்தார்கள்.

ஒன்பது வருடம் அவள் உதவிப் பயிற்சியாளராக இருந்தவள். சட்டைகளைத் துவைத்தாள், வேன் ஓட்டினாள், எதிரணிகளின் ஆட்டங்களை வீடியோவில் விடிய விடியப் பார்த்து, ராண்டல் விட்டுக்குச் சொல்லிக் கொடுத்தாள். விட் அதைத் தன்னுடைய மூளையில் உதித்ததாகப் பத்திரிகைக்காரர்களிடம் சொல்வார். டெல்பாவின் அப்பா வெர்னல் நிலக்கரி லாரி ஓட்டியவர், அம்மா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவர். அந்தக் குடும்பத்தில் முதன்முதலில் பட்டம் வாங்கியவள் டெல்பாதான். பட்டம் வாங்கியும் வேன்தான் ஓட்டினாள் என்பதை அவள் அப்பா யாரிடமும் சொல்லவில்லை. அவளும்தான்.

வாளி கைக்கு வந்த முதல் நாளே விட் எழுதி வைத்திருந்த நாற்பது சொச்சம் ஆட்ட உத்திகளைக் குப்பையில் போட்டாள். நான்கை மட்டும் வைத்துக்கொண்டாள்.

“நமக்கு உயரம் இல்ல. பேர் இல்ல. இருந்த ரெண்டு நல்ல கையும் போயிடுச்சு,” என்றாள் பெண்களிடம். “மூச்சு இருக்கு. மலையில பொறந்தவளுங்க நீங்க. எதிராளிக்கு மூச்சு வாங்கற வரைக்கும் ஓடுங்க. இன்னொண்ணு. நம்ம கூடைக்குக் கீழ எவளுக்கும் எதுவும் இனாமாக் கிடைக்கக் கூடாது. ஒரு பந்து கூட.”

ஓடினார்கள். தடுத்தார்கள். பந்தைத் தட்டிப் பறித்த அடுத்த நொடி எதிர்க் கூடையை நோக்கிப் பாய்வது அவர்களுக்குத் தும்மல் மாதிரி ஆகிவிட்டது, யோசிப்பதற்குள் வந்துவிடும். அதற்குப் பிறகு நடந்த பதினாறு ஆட்டத்தில் பதினான்கை வென்றார்கள். காலியாகக் கிடந்த அரங்கில் சனிக்கிழமை உட்கார இடமில்லை. முடிதிருத்தும் கடையில், பெட்ரோல் பங்கில், தேவாலய வாசலில், எங்கே பார்த்தாலும் இதே பேச்சு. லீகில் டாலிவரும் கேம்டன் ரிட்ஜ் கல்லூரியும் சமமாக முதலிடத்தில் நின்றன. கடைசி ஆட்டம் அந்த இரண்டுக்கும்தான், டாலிவர் அரங்கில். யார் வெல்கிறார்களோ அவர்களுக்குப் பட்டம்.

அன்று காலை விளையாட்டுத் துறை இயக்குநர் பிரஸ்டன் லைல் அவளைக் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் ஒரு தூசி இருக்காது அந்த மனிதருக்கு. வேலை இருந்தால்தானே தூசி.

“ஒளிவு மறைவு வேண்டாம் டெல்பா. ஓஹையோவிலேர்ந்து ஒருத்தர் வந்திருக்கார். இன்னைக்கு ஆட்டம் பார்ப்பார். ஜெயிச்சா வேலை உனக்கு. தோத்தா அவருக்கு.”

“பதினாலு ஜெயிச்சிருக்கேன் சார்.”

“அதுல எல்லாருக்கும் ரொம்ப சந்தோஷம்.”

“எல்லாரும்னா?”

“காலேஜ் போர்டு.”

“அவங்க சந்தோஷத்த வச்சு நான் என்ன பண்ண? ஊறுகாய் போடவா?”

லைல் சிரித்தார். சிரித்துவிட்டு, இன்று அந்த நொண்டிப் பெண்ணை ஆட்டத்தைத் தொடங்க வைக்கப் போவதாகக் கேள்விப்பட்டேனே, அது தேவையா என்று கேட்டார்.

நொண்டிப் பெண் என்று அவர் சொன்னது ரீவா நோபலை. கடைசி வருட மாணவிகளுக்குச் சொந்த அரங்கில் நடக்கும் கடைசி ஆட்டத்தில் அவர்களைத்தான் முதலில் களம் இறக்குவார்கள். பெற்றோர் பூங்கொத்தோடு வந்து நடுக்களத்தில் நிற்பார்கள். இந்த வருடம் கடைசி வருடக்காரி ரீவா ஒருத்திதான். அவளுக்கு இரண்டு முறை முழங்கால் நார் அறுந்தது. நான்கு வருடத்தில் களத்தில் நின்றதை விடப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது அதிகம். ஆனாலும் ஒரு நாள் பயிற்சிக்கு வராமல் இருந்ததில்லை. ஓரத்தில் நின்று தொண்டை கிழியக் கத்துவாள்.

இப்படிப்பட்டவர்களுக்காக ஒரு வழக்கம் உண்டு. இரண்டு பயிற்சியாளர்களும் முன்கூட்டியே பேசிக்கொள்வார்கள். ஆட்டம் தொடங்கியதும் காயம்பட்டவள் தடுப்பார் யாருமின்றி ஒரு கூடை போடுவாள். பதிலுக்கு எதிரணியும் தடையின்றி ஒரு கூடை போடும். இரண்டுக்கு இரண்டு. பிறகு அவள் வெளியே வர, உண்மையான ஆட்டம் ஆரம்பமாகும். எந்த விதிப்புத்தகத்திலும் இது கிடையாது. வாய்ப்பேச்சுதான்.

டெல்பா முந்தின நாளே கேம்டன் ரிட்ஜ் பயிற்சியாளர் ட்ரூடி வான்ஹூஸைப் போனில் பிடித்திருந்தாள். அறுபதைத் தாண்டிய பெண்மணி. ஆண் பயிற்சியாளர்களே பயப்படுகிற நாக்கு.

“மிஸ் ட்ரூடி, ஒரு உதவி.”

“நீ உதவின்னு ஆரம்பிச்சாலே எனக்கு வயித்தக் கலக்குது கண்ணு. சொல்லு.”

சொன்னாள்.

“அந்த நோபல் பொண்ணா? என் ஆளுங்கள விட உரக்கக் கத்துவாளே, அவளா? சரி. ஒண்ணு உனக்கு, ஒண்ணு எனக்கு. அதுக்கப்புறம் உன் கழுத்த நெரிப்பேன்.”

“நல்லா நெரிங்க.”

இதைத்தான் லைல் தேவையா என்று கேட்டார். “தேவைதான் சார்,” என்று சொல்லிவிட்டு டெல்பா எழுந்து வந்துவிட்டாள்.

மாலையில் அரங்கம் அதிர்ந்துகொண்டிருந்தது. பேண்டு வாத்தியம், சோளப்பொரி வாசனை, முகத்தில் பச்சை வண்ணம் பூசிய மாணவர்கள். மூன்றாவது வரிசையில் லைலுக்குப் பக்கத்தில் ஓஹையோக்காரர் டாலிவர் பச்சையில் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கல்யாணத்துக்கு முன்பே மாப்பிள்ளைக் கோலம். டெல்பாவின் அப்பா வெர்னல் அவர்களுக்கு நேர் மேல் வரிசையில், கையில் சில்லி என்ற கறிக்குழம்பு ஊற்றிய ஹாட்டாக்.

பந்து மேலே போனது. பேசி வைத்தபடி டாலிவர் பக்கம் தட்டிவிடப்பட்டது. பந்தை ஏந்தி வந்து களத்தை நடத்துகிறவள் ஜோசி ராட்லிஃப். அவள் அதை அலுங்காமல் ரீவாவின் கையில் கொடுத்தாள். கேம்டன் பெண்கள் ஐவரும் கையைக் கீழே போட்டு நின்றார்கள். இரும்புப் பட்டை கட்டிய காலை இழுத்து இழுத்து ரீவா கூடைக்குக் கீழே வந்தாள். எறிந்தாள். பந்து வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே விழுந்தது. கூரை பறந்துவிடும் போல ஒரு சத்தம். கேம்டன் பெஞ்சில் இருந்தவர்களும் எழுந்து கைதட்டினார்கள். ரீவாவின் அம்மா பூங்கொத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

இப்போது கேம்டனின் முறை. அவர்களுடைய நெட்டைப் பெண் ஒருத்தி பந்தைத் தட்டியபடி, கடைக்குப் போகிற மாதிரி நடந்து வந்தாள். டாலிவர் பெண்கள் விலகி நின்றார்கள். அவள் சாவகாசமாகப் பந்தைத் தூக்கினாள்.

எங்கிருந்து வந்தாள் என்று தெரியவில்லை, டாவியா பென்னிங்டன் பறந்து வந்தாள். முதல் வருடக்காரி, பதினெட்டு வயது, உடம்பெல்லாம் ஸ்பிரிங். பின்னாலிருந்து எகிறி அந்தப் பந்தை ஒரே அறை. பந்து ஜோசியிடம் போனது. ஜோசி பார்க்கக்கூட இல்லை, முன்னால் வீசினாள். டாவியா அதற்குள் பாதிக் களம் ஓடியிருந்தாள். பிடித்தாள், போட்டாள். நான்கு, பூஜ்யம்.

கூட்டம் ஒரு கணம் ஆரவாரித்தது. அப்புறம் என்ன நடந்தது என்று புரிந்து, அந்தச் சத்தம் தொண்டையிலேயே நின்றுபோனது. டாவியா கூடைக்கு அடியில் திரும்பிப் பார்த்தாள். யாரும் ஓடி வந்து கட்டிக்கொள்ளவில்லை. வாயைப் பொத்திக்கொண்டாள்.

“டெல்பா!” ட்ரூடி எல்லைக்கோட்டை ஒட்டி வந்துவிட்டார். “இதுதான் உன் பேச்சா? இதுக்குத்தான் நேத்து கொஞ்சுனியா?”

டெல்பா நடுவரிடம் ஒரு நிமிட இடைவேளை கேட்டாள். பெண்கள் ஓடி வருவதற்குள் லைல் பெஞ்சுக்குப் பின்னால் வந்து குனிந்தார்.

“நடுவர் கணக்குல நாலு. நடந்தது நடந்துபோச்சு. அப்படியே விட்டுரு.”

“பாக்கி இருக்கு சார்.”

“உன் வேலை இன்னைக்கு இந்த ஸ்கோர் பலகையில தொங்குது, தெரியுதா?”

“தெரியுது. பலகைய மறைக்காதீங்க, நகருங்க.”

டாவியா தேம்பிக்கொண்டிருந்தாள். “வேணும்னு செய்யல கோச். கை தானாப் போயிடுச்சு.”

“தெரியும்டி. அந்தக் கைய அப்படிப் பழக்கினது நான். மூக்கத் தொட, சளி ஒழுகினா ஓட முடியாது.” மற்றவர்களைப் பார்த்தாள். “ரெண்டு கூடை விடறோம்.”

“ரெண்டா?” ஜோசி கிட்டத்தட்டக் கத்தினாள். “ஒண்ணுதானே பேச்சு?”

“ஒண்ணு பேசினது. இன்னொண்ணு நாம அடிச்சுட்டு ஓடினது.”

“கோச், இன்னைக்கு உங்க வேலை...”

“என் வேலைய நீ பார்க்காத. பந்தக் கொண்டுபோய் அவங்க கைல குடு.”

ரீவா பெஞ்சிலிருந்து, “குடுங்கடி! குடுத்துட்டு உதைங்க!” என்று கத்தினாள்.

கேம்டன் பெண் பந்தோடு வந்தாள். இந்த முறை இடமும் வலமும் பார்த்து, பாம்புப் புற்றைத் தாண்டுகிறவள் போலக் கால் வைத்தாள். டாலிவர் பெண்கள் ஐவரும் கையைப் பின்னால் கட்டி நின்றார்கள். போட்டாள். அடுத்து ஜோசி பந்தை எல்லைக்கு வெளியே இருந்து எடுத்து நேரே கேம்டன்காரியிடமே உருட்டிவிட்டாள். அவள் ட்ரூடியைப் பார்த்தாள். ட்ரூடி ஒரு கணம் டெல்பாவைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். போட்டாள். நான்குக்கு நான்கு.

அரங்கில் பாதி பேர் ஊளையிட்டார்கள்.

“டெல்பா!” என்று மேலிருந்து வெர்னலின் குரல். “அடுத்தது என் லாரியையும் குடுத்துரு!”

“சும்மா உக்காருங்கப்பா!”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஓஹையோக்காரர் கூடச் சிரித்தார். லைல் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு ட்ரூடி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், கழுத்தை நெரித்தார். கேம்டன் பெண்கள் சுவர் மாதிரி நின்றார்கள். டாலிவரின் ஓட்டம் அந்தச் சுவரில் மோதி மோதித் திரும்பியது. அதைவிட மோசம், டாவியா செத்துப்போயிருந்தாள். பந்து பக்கத்தில் வந்தாலே கையை உள்ளே இழுத்துக்கொண்டாள். பாதி ஆட்டம் முடிந்தபோது பதினொரு புள்ளி பின்னால் இருந்தார்கள்.

உடைமாற்றும் அறையில் டெல்பா கத்தவில்லை. விட் இருந்திருந்தால் நாற்காலி பறந்திருக்கும். அவள் டாவியாவுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தாள்.

“எத்தனை கூடை பாக்கி?”

“ரெண்டு, கோச்.”

“குடுத்தாச்சா?”

“ம்.”

“அப்புறம் எதுக்குடி கடன்காரி மாதிரி ஒளிஞ்சு ஒளிஞ்சு ஆடற? கணக்கு நேராயிடுச்சு. இனிமே அந்தக் கூடைக்குக் கீழ வர்ற ஒவ்வொரு பந்தும் உன்னோடது. அந்த நெட்டச்சி தூக்கினா அறை. பந்தத்தான் சொல்றேன், அவள இல்ல.”

டாவியா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு மற்றவர்களுக்கும் தொற்றியது. ஜோசி எழுந்து கதவை உதைத்துத் திறந்தாள்.

மூன்றாம் கால்பகுதி தொடங்கியதுமே டாவியா முதல் பந்தை அறைந்தாள். அது மூன்றாவது வரிசையில் போய் லைலின் மடியில் விழுந்தது. அப்புறம் ஒன்று. அப்புறம் கேம்டன்காரியின் விரலிலிருந்தே பறித்து ஓடினாள். பதினொன்று எட்டானது, எட்டு ஐந்தானது. கேம்டன் பெண்கள் இடுப்பில் கை வைத்துக் குனிய ஆரம்பித்தார்கள். டெல்பா காத்திருந்தது அதற்குத்தான். “மூச்சு வாங்குறாங்க!” என்று ரீவா பெஞ்சில் ஒற்றைக் காலில் நின்று அலறினாள். “ஓடுங்கடி, ஓடுங்க!” ஜோசி மூலையிலிருந்து எறிந்த பந்து வலையைத் தவிர எதையும் தொடாமல் இறங்கியது. சமம். பேண்டுக்காரர்கள் வாசிப்பதை விட்டுவிட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். கேம்டன் முந்தியது, டாலிவர் பிடித்தது, மறுபடி முந்தியது. கூட்டத்தில் ஒருவரும் உட்காரவில்லை. தரை நடுங்கியது டெல்பாவின் காலணிக்குள் தெரிந்தது.

கடைசி நிமிடம். கேம்டன் அறுபத்தொன்று, டாலிவர் அறுபது.

“அந்த ரெண்டு கூடை!” என்று பின்னால் யாரோ வயிறெரிந்து கத்தினார்கள். “தூக்கிக் குடுத்தாளே, பாவி!”

கேம்டன் எறிந்தது. பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தது. நான்கு கைகளுக்கு நடுவிலிருந்து டாவியா அதைப் பிடுங்கி ஜோசியிடம் கொடுத்தாள். கடிகாரத்தில் எட்டு நொடி.

“இடைவேளை! இடைவேளை கேளு!” மூவாயிரம் பேரும் ஒரே குரலில். லைல் எழுந்து நின்று கைகளால் சைகை காட்டினார். உதவிப் பயிற்சியாளன் டெல்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தான். எந்தப் பயிற்சியாளரும் கேட்பார். ஆட்டத்தை நிறுத்தி, உத்தி வரைந்து காட்டி அனுப்புவார். கேட்காமல் தோற்றால் ஊரில் தலை காட்ட முடியாது.

டெல்பா இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டாள். விரல் ஆடி அதை நடுவர் இடைவேளைச் சைகையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ட்ரூடியின் ஆட்டங்களை ஒன்பது வருடமாக வீடியோவில் பார்த்தவள் அவள். அந்த அம்மாவிடம் பேச ஒரு நிமிடம் கொடுத்தால் போதும், ஆளுக்கு ஆள் தடுப்பதை மாற்றிக் கூடையைச் சுற்றி வேலி கட்டிவிடுவார். அவர் தோற்ற ஆட்டங்கள் எல்லாம் பேச வாய்ப்புக் கிடைக்காத ஆட்டங்கள். பந்து டாலிவர் கையில் இருக்கும்வரை அவரால் இடைவேளை கேட்கவும் முடியாது. அதோ, ட்ரூடி வாய் திறந்து டெல்பாவைப் பார்த்தபடி நிற்கிறார். கேளேன், கேளேன் என்கிறது அந்த முகம்.

ஜோசி ஓடிக்கொண்டே ஒரு தடவை பெஞ்சைப் பார்த்தாள். கோச்சின் கை பையில் இருந்தது. அவளுக்குப் புரிந்தது.

இடப்பக்கம் ஒரு பாவனை, வலப்பக்கம் ஒரு வெட்டு. ஒருத்தியைத் தாண்டினாள். நெட்டச்சி குறுக்கே வந்தாள். ஜோசி ஐந்தடிக்கு மேல் இரண்டு விரல்தான். அந்தக் கைகளுக்கு மேலாகப் பந்தை வானத்தைப் பார்த்து விட்டெறிந்தாள். நேரம் முடிந்து சிவப்பு விளக்கு எரிந்தபோது பந்து ஏற்கெனவே கையை விட்டுக் காற்றில் இருந்தது. வளையத்தின் பின்பக்கம் பட்டது. முன்பக்கம் பட்டது. மேலே எழும்பியது. மூவாயிரம் பேரும் மூச்சைப் பிடித்தார்கள்.

விழுந்தது. உள்ளே.

அப்புறம் நடந்ததை டெல்பாவால் வரிசையாகச் சொல்ல முடியாது. யார் யாரோ அவள்மேல் விழுந்தார்கள். ட்ரூடி அவள் காதைப் பிடித்து இழுத்து, “கைய ஏன்டி பைக்குள்ள வச்ச? குடுத்த கடனையெல்லாம் வட்டியோட வாங்கிட்டியே, திருட்டுக் கழுதை!” என்று திட்டி நெற்றியில் முத்தம் வைத்தார். வெர்னல் படியில் இறங்கப் பொறுமையில்லாமல் வரிசை வரிசையாகத் தாண்டி வந்தார். சட்டையெல்லாம் சில்லி.

ஏணியைக் கொண்டுவந்து கூடைக்குக் கீழே வைத்தார்கள். பட்டம் வென்ற அணி வலையை வெட்டி எடுத்துக்கொள்ளும். ஒவ்வொருத்தியும் ஏறி ஓர் இழை வெட்டுவாள். கடைசி இழை தலைமைப் பயிற்சியாளருக்கு. ரீவாவை இரண்டு பேர் தூக்கிப் பிடித்தார்கள். டாவியா ஏறினாள், ஜோசி ஏறினாள். கடைசியாக டெல்பா ஏறினாள். வலை ஒற்றை இழையில் தொங்கியது.

லைல் ஏணிக்குக் கீழே வந்து நின்றார். கையில் ஒலிவாங்கி; கோப்பை வழங்கிப் பேச வந்திருந்தார்.

“அற்புதம் டெல்பா! திங்கக்கிழமை வா, பேசுவோம்.”

அவள் கத்தரிக்கோலை நிறுத்தினாள். “என்ன பேசணும்?”

“இல்ல... போர்டு கூடணும். ஓஹையோக்காரர்கிட்டயும் ஒரு வார்த்தை...”

“காலைல ஜெயிச்சா வேலை உனக்குன்னு சொன்னீங்க.”

“சொன்னேன். ஆனா முறைன்னு ஒண்ணு இருக்கே.”

பத்து வாரமாக, இல்லை, ஒன்பது வருடமாக அவள் தொண்டையில் கிடந்தது மேலே வந்தது.

“மிஸ்டர் லைல், இன்னைக்கு வாய்ப்பேச்சுக்காக நான் நாலு புள்ளி விட்டுக் குடுத்தேன். நீங்களும் உங்க வாய்ப்பேச்சக் காப்பாத்துங்க. இப்ப. அந்த ஒலிவாங்கியில. இல்லன்னா இந்த இழைய நான் வெட்ட மாட்டேன். வலை இப்படியே தொங்கட்டும். ஏன் தொங்குதுன்னு ஊர் கேட்டா நீங்களே பதில் சொல்லுங்க.”

அவள் ஏணியின் உச்சிப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

கூட்டம் முதலில் கைதட்டியது. பிறகு ஏன் வெட்டவில்லை என்று பார்த்தது. ஏணியின் அடியில் நின்ற ஜோசிக்கு எல்லாம் காதில் விழுந்திருந்தது. அவள் பேண்டுக்காரர்களிடம் ஓடினாள், பேண்டுக்காரர்கள் மாணவர்களிடம் சொன்னார்கள். மாணவர்கள் காலால் தரையைத் தட்ட ஆரம்பித்தார்கள். தட், தட், தட். அரங்கம் முழுக்க அந்தத் தாளம் பரவியது. “சொல்லு! சொல்லு!”

லைல் சுற்றும் முற்றும் பார்த்தார். மூவாயிரம் பேர். நன்கொடை கொடுப்பவர்கள் எல்லாம் முதல் வரிசையில், அவர்களும் தட்டிக்கொண்டிருந்தார்கள். நெற்றியைத் துடைத்தார். ஒலிவாங்கியை வாயருகே கொண்டுபோனார்.

“டாலிவர் கல்லூரியின் தலைமைப் பயிற்சியாளர்... டெல்பா ஸ்டாம்பர்.”

“தற்காலிகமா?” என்று வெர்னல் கத்தினார்.

“இல்லை,” என்றார் லைல்.

“கேக்கல!”

“இல்லை! தற்காலிகம் இல்லை! இன்னையிலேர்ந்து!”

டெல்பா எழுந்து நின்று கத்தரிக்கோலை வைத்தாள். அத்தனை பேர் வெட்டியதில் அது மழுங்கிப்போயிருந்தது. இரண்டு முறை வெட்டியும் இழை அறவில்லை. கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தாள். வலை பிய்த்துக்கொண்டு வந்து முகத்தில் விழுந்தது, ஏணி ஆடியது, கீழே பன்னிரண்டு பெண்கள் கையை விரித்துக்கொண்டு அலறினார்கள்.

“குதிங்க கோச்!”

குதித்தாள்.